விலங்குக் கூடத்துக்குப் பெட்டி வந்துவிட்டது, ஏதோ சரியில்லை: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஆய்வுக்காக ஹைதராபாத்திலிருந்தோ பெங்களூரிலிருந்தோ இரவு முழுக்க வண்டியில் வரும் எலிப்பெட்டியும் போக்குவரத்துதான். மூன்றாம் மாடி விலங்குக் கூடத்திலிருந்து தரைத்தள ஆய்வகத்துக்கு டிராலியில் போகும் ஒரே ஒரு கூண்டும் போக்குவரத்துதான். முதலாவதற்கு ஆயிரம் ஏற்பாடு செய்கிறோம். இரண்டாவதை யாராவது ஒரு மாணவர் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். இரண்டிலும் விலங்கு உயிரோடு போய்ச் சேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. வழியில் நேர்ந்த கெடுதல் பல சமயம் சில மணி நேரமோ சில நாட்களோ கழித்துத்தான் வெளியே தெரியும். அப்போது அதைத் தீவனத்தின் மேலோ மருந்தின் மேலோ போட்டுவிடுவது சுலபம்.

அதனால்தான் இந்தக் குறிப்பு அறிகுறியில் தொடங்கிப் பின்னோக்கிப் போகிறது. கண்ணில் படுவது என்ன, உடனே செய்ய வேண்டியது என்ன, பயணத்தின் எந்தக் கட்டத்தில் தவறு நடந்திருக்கும் என்று பார்க்கலாம். இதைத் தேடும்போது ஒன்றை மனதில் வையுங்கள்: வண்டி ஓடும் நேரத்தைவிட அது நிற்கும் நேரம்தான் விலங்குக்கு ஆபத்து. நுழைவாயிலில் பதிவு, ஸ்டோரில் கையெழுத்து, லிஃப்ட்டுக்குக் காத்திருப்பு என்று பெட்டி யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் கிடக்கும் இடைவெளிகளை முதலில் விசாரியுங்கள்.

பெட்டியைத் திறக்கும் முன்

வந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியின் எல்லாப் பக்கத்தையும் கைபேசியில் படம் எடுங்கள். நசுங்கிய மூலை, ஈரமான அடிப்பாகம், டேப் ஒட்டி மூடப்பட்ட காற்றுத் துளை எல்லாம் திறந்த பிறகு சாட்சியில்லாமல் போய்விடும். வண்டியில் பெட்டி எங்கே இருந்தது, எதன் மேல் எது அடுக்கப்பட்டிருந்தது, வழியில் எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்று ஓட்டுநரிடம் அங்கேயே கேளுங்கள். குறை சொல்லும் தொனியில் கேட்டால் பதில் வராது. "எங்க நிறுத்தினீங்கண்ணே, சாப்பிட்டீங்களா" என்று கேட்டால் முழுக் கதையும் வரும்.

பெட்டிக்குள் வெப்பப் பதிவுக் கருவி வைத்து அனுப்பியிருந்தால் அதன் அளவைப் படித்துவிட்டு மற்றதைப் பாருங்கள். கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்று, இனம், பாலினம், வயது, எண்ணிக்கை ஆகியவற்றைச் சரிபாருங்கள். இந்தியாவில் 1998ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு பெற்ற இடத்திலிருந்துதான் ஆய்வு விலங்குகளை வாங்கலாம், கணக்கும் வைக்க வேண்டும். விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் அரசுக் குழுவை சிபிசிஎஸ்இஏ என்றே பழகியிருக்கிறோம், அதன் பெயர் இப்போது சிசிஎஸ்இஏ. பெயர் மாறினாலும் பதிவேடு கேட்பது மாறவில்லை.

பெட்டியைக் குவாரண்டைன் அறைக்குள் (புதிதாக வந்தவற்றை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வைக்கும் அறை) கொண்டுபோய், கதவைச் சாத்தி, ஆழமான ஒரு தொட்டிக்குள் வைத்துத் திறக்க வேண்டும். அலுவலக மேசையில் வைத்து "எல்லாம் வந்திருக்கா" என்று மூடியைத் தூக்கிப் பார்க்கும் பழக்கத்தை எப்படியாவது நிறுத்துங்கள்.

அறிகுறி: துவண்டு கிடக்கின்றன, உடல் சுடுகிறது, வாயும் மார்பும் நனைந்திருக்கின்றன

இது வெப்பத் தாக்கு. நம் ஊரில் மார்ச்சிலிருந்து ஜூன் வரை வரும் பெட்டிகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

எலிக்கும் சுண்டெலிக்கும் நம்மைப்போல் வியர்க்காது. நாய்போல் இரைத்தும் உடம்பைத் தணித்துக்கொள்ளத் தெரியாது. வால் வழியாகக் கொஞ்சம் சூட்டை வெளியேற்றும். அதற்கு மேல் போனால் எச்சிலை எடுத்து ரோமத்தில் பூசிக்கொள்ளும். மார்பும் கழுத்தும் நனைந்திருக்கின்றன, படுக்கை மட்டும் உலர்ந்திருக்கிறது என்றால் அந்த விலங்கு வழியில் வெகுநேரம் சூட்டோடு போராடியிருக்கிறது என்று பொருள். பாட்டில் கசிந்தால் படுக்கையும் சேர்ந்தே நனைந்திருக்கும். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் "தண்ணீர் கொட்டியிருக்கு" என்று நினைத்து ஹீட்டர் போட்டு, மிச்சம் இருப்பதையும் கொன்றுவிடும் அபாயம் உண்டு.

உடனே செய்ய வேண்டியது: குளிர்ந்த அறைக்கு மாற்றுங்கள். ஒரு கூண்டுக்கு இரண்டு மூன்றாகப் பிரித்து விடுங்கள், கூட்டமாக இருந்தால் சூடு இறங்காது. வால், பாதம், காது ஆகியவற்றில் சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியை ஒற்றுங்கள், மெதுவாக ஒரு விசிறி ஓடட்டும். ஐஸ் தண்ணீர் வேண்டாம். தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, உள்ளே இருக்கும் சூடு வெளியே வர முடியாமல் போய்விடும். துவண்ட விலங்கின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போகும். கூண்டின் தரையில் நீர்க்கூழோ (ஜெல்லாகக் கெட்டியாக்கிய தண்ணீர்) நனைத்த தீவனமோ வைத்தால் தெளிந்ததும் தானே எடுத்துக்கொள்ளும். தெளிந்துவிட்டது என்று விட்டுவிடவும் கூடாது. வெப்பத் தாக்கில் சிறுநீரகமும் குடலும் அடிபட்டு அடுத்த இரண்டு நாளில் இறப்பது உண்டு. கால்நடை மருத்துவர் அன்றே பார்க்கட்டும்.

முயலுக்குக் காதுதான் ரேடியேட்டர். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினாலே அது திணறத் தொடங்கும். நீண்ட காது சிவந்து, மூக்கு வேகமாக ஆடி, தலையை மேலே தூக்கி மூச்சு வாங்கினால் காதுகளை நனையுங்கள்.

காரணத்தைத் தேடும்போது வண்டி ஏசியின் எண்ணை நம்ப வேண்டாம். ஓட்டுநர் முன்னால் இருக்கும் எண் அவர் முகத்துக்கு வரும் காற்றின் எண். பின்னால் அடுக்கிய பெட்டிகளின் நடுவில் இருக்கும் பெட்டி, அதற்குள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் விலங்குகள், அவற்றின் உடற்சூடு எல்லாம் சேர்ந்து உள்ளே பல டிகிரி கூடுதலாக இருக்கும். இந்திய வழிகாட்டுதலில் விலங்கு அறைக்குச் சொல்லப்பட்டிருப்பது 18 முதல் 29 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 30 முதல் 70 சதவீதம். பெட்டிக்குள்ளும் அந்த எல்லையைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டால், வண்டிக்குள் 22, 23 டிகிரி இருந்தால்தான் கட்டுப்படியாகும்.

எண்ணிக்கையும் பாருங்கள். ஒரு பெட்டிக்குச் சுண்டெலி 25 வரை போகலாம் என்பது அதே வழிகாட்டுதலின் மேல் வரம்பு. கத்திரி வெயிலில் அந்த வரம்பைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. பாதி போதும். பெட்டிச் செலவு கூடும் என்று கணக்குப் பிரிவு சொல்லும். செத்த விலங்குக்குப் பதில் இன்னொரு விலங்கை வரவழைப்பதும் செலவுதான், அதைவிட அந்த விலங்கு பட்ட பாடு திரும்ப வராது.

அடுத்த முறைக்கு: மாலையில் கிளம்பி விடிவதற்குள் வந்து சேரும்படி ஏற்பாடு செய்யுங்கள். ஏற்றுவதற்கு முன்பே வண்டியின் உட்புறம் குளிர்ந்திருக்க வேண்டும். பெட்டிகளுக்கு இடையே இரண்டு விரற்கடை இடைவெளிக்குச் சட்டம் வையுங்கள். டீ குடிக்க நிறுத்தினாலும் இன்ஜினையும் ஏசியையும் அணைக்கக் கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். ஞாயிறு, பொங்கல், தீபாவளி போன்ற விடுமுறைக்கு முந்தைய நாள் அனுப்ப வேண்டாம். வண்டி தாமதமானால் வாங்கிக்கொள்ள ஆள் இருக்க மாட்டார்கள்.

அறிகுறி: ரோமம் நனைந்து, உடல் சில்லென்று, ஒன்றன்மேல் ஒன்று குவிந்திருக்கின்றன

மேலே சொன்னதற்கு நேர் எதிர். படுக்கையைத் தொட்டால் சொதசொதவென்று இருக்கும். காரணம் தண்ணீர் பாட்டில். கவிழ்த்து வைத்த பாட்டிலில் தண்ணீர் நிற்பது உள்ளே இருக்கும் வெற்றிட இழுப்பால். டிராலி அதிரும் ஒவ்வொரு முறையும் ஒரு காற்றுக் குமிழ் உள்ளே ஏறும், அதற்கு ஈடான தண்ணீர் கீழே சொட்டும். கற்கள் பாவிய ஒரு பாதையைக் கடந்து இரண்டு கட்டடம் தள்ளிப் போனாலே பாதிப் பாட்டில் காலியாகிவிடும். இருபது கிராம் எடையுள்ள சுண்டெலி நனைந்த உமியில் அரைமணி நேரம் நின்றால் உடற்சூடு இறங்கிவிடும். ஏசி அறையாக இருந்தால் இன்னும் வேகமாக.

உலர்ந்த கூண்டுக்கு மாற்றி, மெல்லிய காகிதத்தால் ஒற்றி எடுத்து, கூடு கட்ட நிறையக் காகிதம் கொடுங்கள். வெப்பப் பட்டை இருந்தால் கூண்டின் பாதி அடிப்பாகத்துக்கு மட்டும் வையுங்கள். சூடு போதும் என்றால் மறுபாதிக்கு நகர வழி இருக்க வேண்டும். சுண்டெலிக்குச் சுகமான வெப்பம் ஏறக்குறைய 30 டிகிரி, நமக்குச் சுகமானதைவிட அதிகம்.

வளாகத்துக்குள் நகர்த்தும்போது பாட்டிலைக் கழற்றி விடுங்கள், அல்லது வாய் மேலே இருக்கும்படி திருப்பி வையுங்கள். வெளியூர்ப் பயணத்துக்குப் பாட்டிலே வேண்டாம். நீர்க்கூழ், இல்லாவிட்டால் நன்றாகக் கழுவிய வெள்ளரி, உருளைக்கிழங்குத் துண்டுகள் போதும்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. போய்ச் சேர்ந்த பிறகு பாட்டிலை மறுபடி மாட்ட மறந்துவிடுவது. வெள்ளி மாலை மாற்றிய கூண்டில் திங்கள் காலை முதுகு கூனி, ரோமம் சிலிர்த்து, தோலைக் கிள்ளினால் மெதுவாகத் திரும்பும் எலியைப் பார்த்தால் நோய் தேடுவதற்கு முன் பாட்டிலைப் பாருங்கள். இருக்கிறதா, இருந்தால் குழாய் முனையில் விரலை வைத்தால் சொட்டு வருகிறதா? கூண்டு அட்டையில் "பாட்டில் மாட்டியவர்" என்று ஒரு கட்டம் சேர்த்து அதில் முதலெழுத்துப் போடச் சொன்னாலே இந்தப் பிழை பெருமளவு நின்றுவிடும்.

அறிகுறி: காயமே இல்லை, கீழடுக்குப் பெட்டிகளில் மட்டும் இறப்பு அல்லது மயக்கம்

முதலில் வண்டிக் கதவுகளை எல்லாம் திறந்துவிட்டு நீங்கள் விலகி நில்லுங்கள். அதே வண்டியில் மாதிரிகள் வைத்த உலர்பனிப் பெட்டி வந்ததா என்று கேளுங்கள். "ஒரே வண்டிதான் போகுது, இதையும் ஏத்திடுங்க" என்று அனுப்பிவிடுவார்கள். உலர்பனி என்பது உறைந்த கார்பன் டை ஆக்சைடு. உருகித் தண்ணீராகாமல் நேராக வாயுவாகிறது, காற்றைவிடக் கனம் என்பதால் கீழே படிகிறது. மூடிய வண்டியில் ஓட்டுநருக்கே ஆபத்து, தரைமட்டத்தில் பெட்டிக்குள் இருக்கும் எலிக்குச் சொல்ல வேண்டியதில்லை. உயிருள்ள விலங்கும் உலர்பனியும் ஒரே வண்டியில் போகக் கூடாது. திரவ நைட்ரஜன் கொள்கலனோடு ஒரே லிஃப்ட்டில் ஏற்றுவதும் கூடாது. இதில் விதிவிலக்கே வேண்டாம்.

உலர்பனி இல்லையென்றால் மூச்சடைப்புக்கு மற்றொரு காரணம், காற்றுத் துளைகள் அடைபட்டிருப்பது. பெட்டிகளைச் சுவரோடு ஒட்டி அடுக்கியிருப்பார்கள், அல்லது மழைக்குப் பயந்து பாலித்தீன் உறையால் முழுதாகச் சுற்றியிருப்பார்கள். மழைக்கு மேலே மட்டும் மறைப்புப் போதும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும்.

கூடத்துக்குள்ளேயே தனிக் காற்றோட்ட அலமாரிகளில், அதாவது மூடிய ஒவ்வொரு கூண்டுக்கும் குழாய் வழியே காற்று வரும் அலமாரிகளில், வளர்க்கும் இடங்களில் இதே அறிகுறி வேறு வழியில் வரும். கூண்டை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்த் திரும்ப அலமாரியில் செருகும்போது அது கடைசி ஒரு சென்டிமீட்டர் உள்ளே போகாமல் நின்றுவிடும். காற்றுக் குழாய் பொருந்தாது. மறுநாள் கூண்டுச் சுவரில் நீர்த்துளிகள் படிந்திருக்கும், மூடியைத் திறந்தால் அம்மோனியா நெடி மூக்கில் ஏறும். செருகும்போது 'டக்' என்று பொருந்தும் உணர்வு கைக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வெளியே எடுத்து மறுபடி செருகுங்கள். அலமாரியிலிருந்து எடுத்த கூண்டு வெளியே மேசையில் இருக்கும் நேரம் முழுக்க அதற்குக் காற்றோட்டம் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். காலையில் எடுத்துவந்து மாலைவரை வைத்திருக்கும் வேலைக்கு அந்தக் கூண்டு பொருந்தாது.

அறிகுறி: எலியின் கண்ணையும் மூக்கையும் சுற்றிச் சிவப்பு

புதிதாகச் சேர்ந்தவர்கள் இரத்தம் என்று பதறுவார்கள். பெரும்பாலும் அது இரத்தமில்லை, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சுரப்பியிலிருந்து வரும் போர்ஃபிரின் என்ற நிறமி. புற ஊதா விளக்கில் பார்த்தால் ஒளிரும், இரத்தம் அப்படி ஒளிராது. அலைச்சல், தாகம், பயம் எதுவானாலும் எலிக்கு இது வரும். இரண்டு கண்ணிலும் இருந்து, எலி தெளிவாக நடமாடினால் தண்ணீர், இருட்டு, அமைதி மூன்றும் கொடுத்து விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் மறைந்துவிடும்.

மறையாவிட்டாலோ, தும்மலும் கரகரவென்ற மூச்சொலியும் சேர்ந்தாலோ, கழுத்து வீங்கினாலோ அது சுவாசத் தொற்றாக இருக்கலாம். அந்தப் பெட்டியில் வந்த எதையும் குவாரண்டைனிலிருந்து நகர்த்தாமல் மருத்துவரை அழையுங்கள். சிறு விலங்குகளுக்குக் குவாரண்டைன் ஒரு வாரம் முதல் ஒரு மாதம் வரை என்று வைத்திருப்பதே இதற்காகத்தான். ஒரு கண்ணில் மட்டும் என்றால் குத்தோ கீறலோ இருக்கிறதா பாருங்கள்.

அறிகுறி: தீவனத்தைத் தொடவில்லை

இங்கே எந்த விலங்கு என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எலியும் சுண்டெலியும் பயணத்தில் கொஞ்சம் எடை இழப்பது எதிர்பார்க்க வேண்டியதே. வந்த அன்று எடை போட்டு, மறுநாளும் மூன்றாம் நாளும் போடுங்கள். ஏறுமுகமாக இருந்தால் கவலையில்லை.

முயலும் கினிப்பன்றியும் அப்படியல்ல. அவற்றின் குடல் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அரைநாள் தின்னாமல் இருந்தாலே குடல் நின்றுபோகும் அபாயம் தொடங்குகிறது. தட்டில் புழுக்கை இல்லையென்றால் அதுவே அபாய மணி, மாலைவரை பார்க்கலாம் என்று விடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கினிப்பன்றி பழகாத தீவனத்தைத் தொடவே தொடாது, பழகாத குழாயில் தண்ணீரும் குடிக்காது. பட்டினி கிடக்கும், பிடிவாதமாகக் கிடக்கும். அதனால் ஆர்டர் கொடுக்கும்போதே அங்கே என்ன தீவனம், பாட்டிலா கிண்ணமா என்று கேட்டு, அதே தீவனத்தில் ஒரு வாரத்துக்கு வாங்கிவிடுங்கள். புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கலாம். அதன் உடம்பு வைட்டமின் சி தயாரிக்காது என்பதால் பச்சைப் புல், கொத்தமல்லித் தழை, குதிரைமசால் எது கிடைத்தாலும் முதல் நாளே கொடுங்கள்.

அறிகுறி: மறுநாள் காலை ஆண் சுண்டெலிகளின் முதுகிலும் வாலிலும் கடி

வெவ்வேறு பெட்டியில் வந்த ஆண்களை "இடம் மிச்சம்" என்று ஒரே கூண்டில் விட்டிருப்பீர்கள். ஒன்றாக வந்தவை ஒன்றாகவே இருக்க வேண்டும். ஏற்கெனவே ஒன்றாக இருந்தவை புதுக் கூண்டில் சண்டையிட்டால் பழைய கூட்டிலிருந்து கூடு கட்டிய பஞ்சையும் காகிதத்தையும் மட்டும் கொண்டுவந்து போடுங்கள். சிறுநீர் நனைந்த உமியைக் கொண்டுவராதீர்கள், அது சண்டையைக் கூட்டும். காயம் பட்டதை விலக்கித் தனியே வைத்து, கடிப்பது எது என்று கண்டுபிடியுங்கள். உடம்பில் காயமே இல்லாமல் இருப்பதுதான் வழக்கமாக அது.

அறிகுறி: இனச்சேர்க்கை நடந்த பெண், கர்ப்பமில்லை, அல்லது தாய் குட்டிகளைத் தின்றுவிட்டது

இனச்சேர்க்கை முடிந்து முதல் சில நாட்களில் உள்ள பெண் சுண்டெலி, அந்நிய ஆணின் வாடை பட்டாலே கருவைத் தக்கவைக்காமல் போகலாம். 1959இல் ஹில்டா புரூஸ் கண்டறிந்த விளைவு இது. வண்டியில் ஆண்களின் பெட்டிக்குப் பக்கத்தில் அவளை அடுக்கினாலும், ஆண்களைத் தூக்கிய அதே கையுறையால் அவளைத் தூக்கினாலும் போதும். பெண்களுக்குத் தனி டிராலி, புதிய கையுறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிறைமாதப் பெண்ணைப் பயணத்தில் அனுப்பாதீர்கள். குட்டி போட்டு முதல் வாரம் கூண்டை அதன் இடத்திலிருந்து அசைக்காமல் இருப்பது நல்லது. தவிர்க்கவே முடியாதென்றால் கூட்டைக் கலைக்காமல், குட்டிகளைப் பழைய படுக்கையோடு சேர்த்து அள்ளி மாற்றுங்கள். வெறும் கையால் குட்டியைத் தொட வேண்டாம்.

அறிகுறி: முயல் பின்னங்கால்களை இழுக்கிறது

முதுகெலும்பு முறிந்திருக்கலாம். முயலின் பின்தொடைத் தசைக்கு இருக்கும் வலு அதன் எலும்புக்கு இல்லை. பின்பகுதியைத் தாங்காமல் தூக்கும்போது அது ஒரு உதை உதைத்தால் இடுப்புக்கு மேலே, கீழ்முதுகில், எலும்பு தானே முறிந்துவிடும். நிற்க வைத்துப் பார்க்காதீர்கள். ஒரு தட்டையான பலகையில் துணியோடு படுக்க வைத்து மருத்துவரைக் கூப்பிடுங்கள். பலசமயம் வலியில்லாமல் விடைகொடுப்பதே அவர் சொல்லும் முடிவாக இருக்கும், அதைத் தள்ளிப்போடுவது கருணை ஆகாது.

காதைப் பிடித்துத் தூக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஒரு கை பிடரித் தோலை, மறு கை பின்பகுதியின் முழு எடையை, தலை உங்கள் முழங்கைக்குள் மறைந்திருக்கும்படி: இப்படித்தான் தூக்க வேண்டும். கூண்டுக்குள் விடும்போது பின்பக்கம் முதலில் போகட்டும். முகம் முதலில் போனால் கூண்டைக் கண்டதும் தாவும். பயணப் பெட்டியின் தரை வழுக்கக் கூடாது, ரப்பர் பாயோ சாக்கோ விரித்திருக்க வேண்டும்.

அறிகுறி: எல்லா விலங்கும் நலம், ஆய்வு முடிவுகள்தான் ஒத்துவரவில்லை

மிகவும் கவனிக்கப்படாத பிழை இதுதான். திங்கள் செய்தால் ஒரு மாதிரி, வியாழன் செய்தால் வேறு மாதிரி. ஒப்பிடுவதற்காக மருந்து கொடுக்காமல் வைத்த விலங்குகளிலேயே கார்டிகோஸ்டிரோன் என்ற பதற்ற ஹார்மோன் எகிறி நிற்கிறது. இரத்தச் சர்க்கரை கூடியிருக்கிறது. வெறுமையான ஒரு பெட்டிக்குள் விட்டு நடமாட்டத்தைப் பார்க்கும் திறந்தவெளிச் சோதனையில் எலி மூலையை விட்டு வரவில்லை. மருந்தை மாற்றுகிறார்கள், அளவை மாற்றுகிறார்கள், டிராலியை யாரும் பார்ப்பதில்லை.

கூண்டு வந்த பாதையில் ஒருமுறை நீங்களே நடந்து பாருங்கள். டிராலியின் இரும்புத் தட்டில் ஒரு எஃகு மூடியைச் சும்மா வைத்துத் தள்ளுங்கள். டைல்ஸ் இணைப்பு ஒவ்வொன்றிலும் அது 'கடகட'வென்று துள்ளும். லிஃப்ட் வாசலில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் சக்கரம் விழுந்து ஏறும்போது மொத்த டிராலியும் அதிரும். நம் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸோடு முடிந்துவிடுகிறது, சுண்டெலிக்கு 80 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் கேட்கும். கிறீச்சிடும் சக்கரத்தில் நமக்குக் கேட்பது அதன் ஒரு பகுதிதான்.

சரிசெய்வது மலிவு. காற்றடைத்த அல்லது மிருதுவான ரப்பர் சக்கரம், மாதம் ஒருமுறை எண்ணெய், கூண்டுக்கு அடியில் தடித்த துண்டு, மேலே வெளிச்சம் மறைக்கும் ஆனால் காற்றை விடும் பருத்தித் துணி. பாதையை முன்கூட்டியே தீர்மானியுங்கள். பொது லிஃப்ட், கேண்டீன் வராந்தா வேண்டாம். அது விலங்குக்காக மட்டுமல்ல: எலிச் சிறுநீரின் புரதம் பலருக்கு ஒவ்வாமை தரும், அங்கே போகிறவர்கள் அதைச் சுவாசிக்கச் சம்மதித்தவர்கள் அல்ல. கூண்டைத் தூக்குகிறவருக்கே தும்மலும் கண் அரிப்பும் தொடங்கியிருந்தால் சளி என்று விடாமல் பணியாளர் மருத்துவரிடம் அனுப்புங்கள், ஆஸ்துமாவாக மாறக்கூடியது.

அப்புறம் நேரம். ஆய்வகத்துக்கு வந்ததும் ஊசி போடாதீர்கள். குறைந்தது ஒரு மணி நேரமாவது அந்த அறையிலேயே அமைதியாக இருக்க விடுங்கள், எத்தனை நேரம் என்பதை எல்லா நாளும் ஒரே மாதிரி வையுங்கள். வெளியூரிலிருந்து வந்தவற்றுக்கு இரண்டு மூன்று நாள் என்பது மிகக் குறைவான அளவு, நடத்தைச் சோதனைக்கு ஒரு வாரமாவது வேண்டும். வந்த இடத்தின் விளக்கு நேரம் உங்கள் கூடத்தின் நேரத்திலிருந்து வேறுபட்டால் இன்னும் கூட. இரவு பகல் தலைகீழாகியிருந்தால் இரண்டு வாரம்.

எப்படித் தூக்குகிறீர்கள் என்பதும் இதில் சேரும். லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்ட், ரெபெக்கா வெஸ்ட் இருவரும் 2010இல் காட்டினார்கள்: வாலைப் பிடித்துத் தூக்கிய சுண்டெலிகளைவிட, குழாய்க்குள் நுழைய விட்டோ குவித்த கையிலோ எடுத்த சுண்டெலிகளுக்குப் பதற்றம் குறைவு. ஒரு அக்ரிலிக் குழாயைக் கூண்டிலேயே நிரந்தரமாகப் போட்டுவிட்டால், அதில் தானே ஏறிக்கொள்ளும், குழாயோடு தூக்கி மாற்றலாம். வேகமும் குறையாது. கூடத்தில் பல வருடம் வாலைப் பிடித்தே பழகிய அண்ணன்மாரிடம் இதைச் சொல்வது கொஞ்சம் சிரமம். விளக்கம் சொல்வதைவிட இரண்டு கூண்டுகளை இரண்டு விதமாக ஒரு வாரம் பழக்கிக் காட்டுங்கள், கையை உள்ளே விட்டதும் எது அருகில் வருகிறது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அறிகுறி: வரிக்குதிரை மீன் பை திறக்கும்வரை நன்றாக நீந்தியது, திறந்ததும் தவிக்கிறது

பயணத்தில் மீன் விடும் கார்பன் டை ஆக்சைடு தண்ணீரைக் கொஞ்சம் அமிலமாக்குகிறது. அந்த அமிலத்தன்மையில் மீன் கழித்த அம்மோனியா நச்சுக் குறைந்த வடிவில் கட்டுண்டு கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, அமிலம் குறைந்து, அதே அம்மோனியா நச்சாகிவிடும். அதனால் மூடிய பையை அரைமணி மிதக்க விட்டு வெப்பத்தைச் சமமாக்குங்கள், ஆனால் திறந்த பையில் மணிக்கணக்காகத் தொட்டித் தண்ணீர் கலந்துகொண்டிருக்காதீர்கள். வலையால் எடுத்துச் சுத்தமான 28 டிகிரித் தண்ணீருக்கு உடனே மாற்றி, பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அனுப்புகிறவர் ஒரு நாள் முன்பே தீனியை நிறுத்தி, பையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் தண்ணீர் வைத்தால் இந்தத் தொல்லையே பாதியாகும்.

அறிகுறி: எண்ணிக்கை ஒன்று குறைகிறது

கதவைச் சாத்துங்கள், கதவிடுக்கில் துணியை அடையுங்கள். பிறகு படுக்கையைக் கையால் கிளறி எண்ணுங்கள், பலமுறை உமிக்குள்ளேயே கிடக்கும். சுவரோரமாகத்தான் ஓடும் என்பதால் உயிரோடு பிடிக்கும் பொறிகளைச் சுவரை ஒட்டி வைத்து விளக்கை அணையுங்கள். மரபணு மாற்றிய விலங்கு என்றால் உயிரியல் பாதுகாப்புக் குழுவுக்கும் அப்போதே தெரிவிக்க வேண்டும். பிடிபட்டது எந்தக் கூண்டினுடையது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அதை ஆய்வில் சேர்க்காதீர்கள். பிடிக்கும்போது கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் காயத்தை 15 நிமிடம் கழுவி, மருத்துவரிடம் போய் எலிக்கடி என்று சொல்லுங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

அறிகுறி: பெட்டிக்குள் இறந்த விலங்கு

குப்பைப் பைக்குப் போகக் கூடாது, உறைபெட்டிக்கும் போகக் கூடாது. உறைந்தால் திசுக்கள் சிதைந்து, பிரேதப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் போகும். பையில் போட்டு, பெட்டி எண், கிடந்த இடம், பார்த்த நேரம் எழுதி, 4 டிகிரிக் குளிர்பெட்டியில் வைத்து அன்றே மருத்துவரிடம் கொடுங்கள். பிழைத்தவற்றைத் தனித்தனியாக எடை போட்டு, இறந்ததோடு ஒரே பெட்டியில் இருந்தவை எவை என்று அட்டையில் குறியுங்கள். பதிவேட்டில் வந்தவை, இறந்தவை, மீந்தவை மூன்றும் கூட்டிக் கழித்தால் சரியாக வர வேண்டும். நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு அதே நாளில் ஒரு வரி அனுப்புங்கள். அனுப்பிய இடத்துக்கும் வெப்பப் பதிவு, படங்கள், ஓட்டுநர் சொன்ன நிறுத்தங்கள் எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவிடுங்கள், அடுத்த வண்டியை அவர்கள் ஏற்றுவதற்குள்.